131 இணைப்புகளில் வேலை செய்தவை 5: வன்னியின் நெல் கொள்வனவு நிலையங்களில் ஒரு தரவுத்தள முடக்கம்

பின்னணி

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் 12 நெல் கொள்வனவு நிலையங்களை நடத்தும் ஓர் அமைப்பில், காலபோக அறுவடை உச்சத்தில் இருந்த ஒரு பெப்ரவரி மாதம், தரவுத்தளம் மூன்று நாட்களாக விட்டுவிட்டு முடங்கியது. அமைப்பின் பெயரோ, நிலையங்கள் உள்ள ஊர்களோ, மென்பொருளை எழுதிக் கொடுத்தவர்கள் யார் என்பதோ இங்கே சொல்லப்படவில்லை. எண்ணிக்கைகளும் அமைப்பு மதிப்புகளும் அப்போது எழுதி வைக்கப்பட்ட குறிப்புகளில் உள்ளவை.

வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் கோளாறு விளங்கும். வெட்டு மெசின் வயலில் இறங்கிவிட்டால் நெல் ஒரே மூச்சில் வந்து குவியும். காயவிடும் தளம் இல்லாதவர்கள் வீதியோரத்தில் பரப்பிக் காயவைத்து, ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு இறங்கியதும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். நிலையத்தில் நிறுவை, ஈரப்பதமானியில் சோதனை, விலைக் கணக்கு, பற்றுச்சீட்டு என ஒரு விவசாயிக்கு மூன்று, நான்கு நிமிடங்கள் ஆகும். அந்தப் பற்றுச்சீட்டை வைத்துத் தலைமை அலுவலகம் கொடுப்பனவுச் சிட்டை போட்டு வங்கிக்கு அனுப்பும்.

எல்லாம் கிளிநொச்சியில் இருந்த ஒரே சேர்வரில் ஓடியது. 4 கோர், 16 ஜிபி நினைவகம், எஸ்எஸ்டி வட்டு, போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 13ஆம் பதிப்பு. தரவுத்தளத்தில் ஒரே நேரத்தில் திறந்திருக்கக்கூடிய இணைப்புகளின் உச்ச வரம்பான ‘மேக்ஸ் கனெக்ஷன்ஸ்’ இயல்பான 100 ஆகவே இருந்தது. அதில் 3 இடம் முழு அதிகாரம் கொண்ட நிர்வாகப் பயனரான சூப்பர்யூசருக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும். சாதாரணப் பயனர்களுக்குக் கிடைப்பது 97.

இந்த இடங்களை மூன்று தரப்பு பங்குபோட்டன. முதலாவது, தலைமை அலுவலகத்தின் வலைச் செயலி. ஜாவாவில் எழுதப்பட்ட அது இரண்டு பிரதிகளாக ஓடியது. ஒவ்வொன்றிலும், இணைப்புகளைத் திறந்துவைத்து மாறிமாறிப் பயன்படுத்தும் ஹிகாரி என்ற இணைப்புப் பூல் 30 என்று அமைக்கப்பட்டிருந்தது. ஹிகாரியில் குறைந்தபட்சச் சும்மா இணைப்புகள் எத்தனை என்று தனியாகச் சொல்லாவிட்டால் அது உச்ச அளவையே எடுத்துக்கொள்ளும். ஆகவே வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் 60 இணைப்புகள் எப்போதும் திறந்தே கிடந்தன. இரண்டாவது, நிலையங்களின் நிறுவை மென்பொருள். நிலையத்துக்கு இரண்டு கணினி வீதம் 24 கணினிகள். காலையில் மென்பொருளைத் திறக்கும்போது ஓர் இணைப்பு எடுத்து மாலையில் மூடும்வரை விடாது. 4ஜி ரௌட்டர் வழியாக, கணினிக்குக் கணினி தனி விபிஎன் முகவரியுடன், நேரே தரவுத்தளத்தோடு பேசும் பழைய பாணி அது. மூன்றாவது, விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் பைதன் சேவை. அதன் பூல் இயல்பாக 5, நெருக்கடியில் மேலும் 10 வரை போகும்.

60, 24, 5. கூட்டினால் 89. அறுவடை இல்லாத மாதங்களில் நிலையத்துக்கு ஒரு கணினிதான் திறக்கப்படும், அதுவும் அரை நாள். அதனால் எவருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நிறுவை மென்பொருள் தரவுத்தளத்துக்குள் ‘போஸ்ட்கிரெஸ்’ என்ற சூப்பர்யூசர் பெயரிலேயே நுழைந்தது. பல வருடங்களுக்கு முன் யாரோ அவசரத்தில் அப்படிப் போட்டு, அது அப்படியே நிலைத்துவிட்டது.

முதலாம் நாளும் இரண்டாம் நாளும்

முதலாம் நாள் காலை 9.50 மணிக்கு ஒரு நிலையத்திலிருந்து முதல் அழைப்பு வந்தது: “தம்பி, சிஸ்டம் உள்ளுக்க விடுதில்லை. வெளியில பதினஞ்சு பெட்டி நிக்குது.” திரையில் இருந்த பிழை ‘சாரி, டூ மெனி கிளையன்ட்ஸ் ஆல்ரெடி’, அதாவது ஏற்கெனவே அளவுக்கு மிஞ்சியோர் இணைந்திருக்கிறார்கள். அடுத்த அரை மணி நேரத்தில் மேலும் நான்கு நிலையங்கள் இதையே சொன்னன. தலைமை அலுவலகத்தின் வலைச் செயலியோ வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தது. தன் 60 இணைப்புகளை ஏற்கெனவே கையில் வைத்திருந்ததால் புதிதாகக் கேட்க வேண்டிய தேவை அதற்கு வரவில்லை. “இங்க எல்லாம் சரியாத்தானே இருக்கு” என்று அலுவலகம் சொன்னதில் பொய் இல்லை. அந்த உண்மையால் முக்கால் மணி நேரம் வீணானது.

தரவுத்தளப் பொறுப்பாளரால் உள்ளே நுழைந்து பார்க்கவும் முடியவில்லை. இப்படியான நேரத்துக்கென்றுதான் அந்த 3 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. நிறுவை மென்பொருள் சூப்பர்யூசர் பெயரில் வந்ததால் அவற்றையும் அதுவே நிரப்பியிருந்தது. பிழைச் செய்தியே இதற்குத் துப்பு. சாதாரணப் பயனருக்கு ஒதுக்கீடு மட்டும் மிஞ்சியிருந்தால், மீதி இடங்கள் சூப்பர்யூசருக்கானவை என்ற வேறு செய்தி வரும். ‘டூ மெனி’ என்று வந்தால் அந்த மூன்றும் போய்விட்டன என்று பொருள்.

தரவுத்தளம் மீள்தொடக்கம் செய்யப்பட்டது. எல்லாம் ஓடியது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் மறுபடி அதே பிழை. அன்று மட்டும் மூன்று மீள்தொடக்கம். ஒவ்வொரு தடவையும் பாதியில் இருந்த பதிவுகள் அழிந்தன. நிலையங்கள் கார்பன் தாள் வைத்த பற்றுச்சீட்டுப் புத்தகத்துக்குத் திரும்பின.

அன்று மாலை உச்ச வரம்பு 400 ஆக உயர்த்தப்பட்டது. யாருக்கும் முதலில் தோன்றும் தீர்வு இதுதான். வரம்பை உயர்த்தியது மட்டும் என்றால் பெரிய சேதம் வந்திராது. ‘இப்போது இடம் இருக்கிறதே’ என்று வலைச் செயலியின் பூலும் பிரதிக்கு 30இலிருந்து 100 ஆக்கப்பட்டது.

இரண்டாம் நாள் முற்பகல் 11 மணியளவில் சேர்வர் திணறத் தொடங்கியது. நாளாந்த அறிக்கைகளை ஒரே நேரத்தில் பலர் திறந்தார்கள். முன்பு 60 இணைப்புகளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற கேள்விகள் (தரவு கேட்கும் கட்டளைகள்) இப்போது எல்லாம் ஒன்றாக 4 கோர்களின் மேல் விழுந்தன. ஒரு வரிசைப்படுத்தலுக்கான நினைவக அளவான ‘வேர்க் மெம்’ 64 மெகாபைட் என்று அமைந்திருந்தது. 200 இணைப்புகள் ஆளுக்கு ஒரு வரிசைப்படுத்தல் செய்தாலே 12,800 மெகாபைட். எல்லா இணைப்புகளுக்கும் பொதுவான பகிர்வு நினைவகம் 4,096. கூட்டுத்தொகை 16,896 மெகாபைட். சேர்வரில் இருந்ததே 16,384. லினக்ஸ் நினைவகப் பற்றாக்குறையில் ஒரு போஸ்ட்கிரெஸ் செயல்முறையைக் கொன்றது. அப்படி ஒன்று வலிந்து கொல்லப்பட்டால், பகிர்வு நினைவகம் பழுதாகியிருக்கலாம் என்று கருதி, தாய்ச் செயல்முறை மற்ற எல்லா இணைப்புகளையும் துண்டித்து மீட்புப் பணியில் இறங்கும். முதல் நாள் நிலையங்கள் மட்டும் நின்றன. இரண்டாம் நாள் தலைமை அலுவலகமும் சேர்ந்து நின்றது.

மூன்றாம் நாள்: எண்ணிப் பார்த்தபோது

பூலை மறுபடி 30க்கு இறக்கி, 400 என்ற வரம்பைத் தற்காலிகமாக விட்டுவைத்து, காலை 10.30க்கு, திறந்திருக்கும் இணைப்புகளைப் பட்டியலிடும் ‘பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி’ பார்வையிலிருந்து ஒரு படப்பிடிப்பு, அதாவது அந்தக் கணத்தின் நிலையைக் காட்டும் ‘ஸ்னாப்ஷாட்’, எடுக்கப்பட்டது. பயனர், வாடிக்கையாளர் (இணைந்த கணினி) முகவரி, நிலை, நிலை மாறிய நேரம், இணைப்புத் தொடங்கிய நேரம் ஆகிய ஐந்து நிரல்கள் போதுமாக இருந்தன.

மொத்தம் 131 இணைப்புகள். வலைச் செயலி 60, நிறுவை மென்பொருள் 58, குறுஞ்செய்திச் சேவை 13. நிலைவாரியாகப் பிரித்தால் ‘ஐடில்’, அதாவது சும்மா இருப்பவை, 114. ‘ஐடில் இன் டிரான்ஸாக்ஷன்’, அதாவது டிரான்ஸாக்ஷன் ஒன்றை (முழுதாகப் பதியப்படும் அல்லது முழுதாகக் கைவிடப்படும் வேலைத் தொகுதியை) திறந்துவைத்துவிட்டுச் சும்மா இருப்பவை, 12. உண்மையில் வேலை செய்துகொண்டிருந்தவை 5.

அறுவடை உச்சத்தில் 5 பேர் வேலை செய்யும் தரவுத்தளத்துக்கு 100 இடம் போதவில்லை என்பது எப்படி? இதற்கு விடை 58 என்ற எண்ணில் இருந்தது. கணினிகள் 24. ஒவ்வொன்றும் ஓர் இணைப்புத்தான் எடுக்கும். மிச்சம் 34 யாருடையவை?

விபிஎன் முகவரிவாரியாக அடுக்கியபோது சில கணினிகளின் பெயரில் நான்கு, ஐந்து இணைப்புகள் நின்றன. ஆக அதிகம் நின்றது, காலையிலிருந்து மின்சாரம் விட்டுவிட்டுப் போன நிலையத்தின் முகவரிகளில். அங்கே கணினிகளுக்கு யூபிஎஸ் உண்டு, ரௌட்டருக்கு இல்லை. மின் அழுத்தம் ஒரு கணம் சரிந்தால் கணினி அசையாது, ரௌட்டர் அணைந்து மறுபடி ஏறும். மென்பொருள் ‘தொடர்பு அறுந்தது’ என்று உணர்ந்து புதிய இணைப்பு எடுக்கும். பழைய இணைப்பு முடிந்தது என்ற செய்தியைச் சேர்வருக்குச் சொல்ல அந்தக் கணத்தில் பாதையே இல்லை. சேர்வரின் பக்கமோ அந்த இணைப்பு அடுத்த கேள்விக்காகச் செவிசாய்த்துக் காத்திருக்கிறது. அனுப்ப எதுவும் இல்லாததால், மறுமுனை செத்ததை அறிய அதற்கு ஒரே வழி, ‘இருக்கிறாயா’ என்று கேட்டுப் பார்க்கும் கீப்அலைவ் சோதனை. லினக்ஸின் இயல்பு அமைப்பில் முதல் சோதனை 7,200 விநாடி அமைதிக்குப் பிறகுதான் போகும். பின்னர் 75 விநாடிக்கு ஒன்றாக 9 தடவை. மொத்தம் 7,875 விநாடி, அதாவது 2 மணி 11 நிமிடம் 15 விநாடி. ஒரு கணம் ரௌட்டர் அணைந்ததற்கு ஓர் இடம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பறிபோகிறது.

இப்போது முதலாம் நாளின் கணக்கு நேரானது. வழக்கமானவை 89, மிச்சம் 11. பதினொரு ரௌட்டர் துண்டிப்பு நடந்தால் கதவு அடைபடும். 12 நிலையங்களில் ஒன்றரை மணி நேரத்துக்குள் அது நடப்பது அரிதல்ல.

சும்மா இருப்பதில் மூன்று சாதி

இந்த ஆய்வில் வேறு எதையும் மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. பார்வையில் ‘ஐடில்’ என்ற ஒரே சொல்லின் கீழ் நிற்பவை ஒரே நோய் அல்ல.

உயிரோடு சும்மா இருப்பவை: வலைச் செயலியின் 55, நிறுவைக் கணினிகளின் நடப்பு இணைப்புகள். போஸ்ட்கிரெஸில் ஒவ்வோர் இணைப்பும் ஒரு தனிச் செயல்முறை என்பதால் சில மெகாபைட் நினைவகமும் ஓர் இடமும் போகும். 13ஆம் பதிப்பு வரை, ஒவ்வொரு கேள்விக்கும் தரவின் நிலையைக் குறித்துக்கொள்ளும்போது திறந்திருக்கும் இணைப்புகள் எல்லாவற்றையும் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. 14இல்தான் இது வெகுவாகத் திருந்தியது. ஆனாலும் இவை செய்யும் கெடுதி மெதுவானது. பூல் தீர்ப்பது இந்தச் சாதியை மட்டும்.

செத்துக் கிடப்பவை: மேலே சொன்ன 34. இவற்றுக்கு மருந்து வலைப்பின்னல் அமைப்பில் இருக்கிறது.

டிரான்ஸாக்ஷனோடு சும்மா இருப்பவை: எண்ணிக்கையில் 12தான், ஆனால் மிக மோசமானவை. நிறுவை மென்பொருள் ‘புதிய பற்றுச்சீட்டு’ என்று அழுத்தியவுடனேயே டிரான்ஸாக்ஷனைத் தொடங்கி, அந்த நிலையத்தின் இலக்க வரிசையை வேறெவரும் எடுக்காதபடி பூட்டி, பின்னர் நிறுவைக்கும் ஈரப்பதத்துக்கும் விவசாயியின் அடையாள அட்டை இலக்கத்துக்கும் காத்திருந்தது. அச்சடித்த பிறகே பூட்டைத் திறந்தது. அலுவலர் நடுவில் தேநீர் குடிக்கப் போனால் பூட்டும் அவரோடு தேநீர் குடிக்கும். பூட்டைப் பிடித்த நிலையில் ரௌட்டர் அணைந்தால் இரண்டாம் சாதியும் மூன்றாம் சாதியும் ஒன்றாகிவிடும்: செத்த இணைப்பொன்று 2 மணி 11 நிமிடம் பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும், அந்த நிலையத்தின் இரண்டாவது கணினி பற்றுச்சீட்டு போட முடியாமல் நிற்கும். ‘இங்கே மட்டும் சிஸ்டம் இறுகிப்போச்சு’ என்று இரண்டு நிலையங்கள் வாரக்கணக்காகச் சொல்லிவந்த முறைப்பாட்டின் வேர் இதுதான். இப்படிப் பூட்டு எடுத்த டிரான்ஸாக்ஷன் திறந்திருக்கும்வரை, அதற்குப் பின் காலாவதியான வரிகளைத் தரவுத்தளத்தின் துப்புரவு வேலையான வெக்யூம் அகற்றவும் முடியாது.

குறுஞ்செய்திச் சேவையும் இதே பிழையை வேறு வடிவில் செய்தது. அனுப்ப வேண்டியவற்றைப் பூட்டி எடுத்து, தொலைபேசி நிறுவனத்தின் வாயிலிலிருந்து பதில் வரும்வரை டிரான்ஸாக்ஷனைத் திறந்தே வைத்தது. பதில் தாமதமானால் பூல் 5இலிருந்து 13 ஆக வீங்கியது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் செத்தவற்றை அகற்ற வேண்டியிருந்தது. ‘30 நிமிடத்துக்கு மேல் சும்மா இருப்பதை எல்லாம் துண்டி’ என்ற கட்டளை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தாலும் அது கைவிடப்பட்டது. நெல் வராத நிலையத்தில் உயிரோடு சும்மா இருக்கும் கணினியும் அதில் அடிபடும். நிறுவை மென்பொருள் துண்டிப்பைத் தொழிற்படும் நேரத்தில் சமாளிக்கும், சும்மா இருக்கும்போது துண்டித்தால் பிழைப் பெட்டி காட்டி உறைந்துபோகும். மாறாக, ஒரே முகவரியிலிருந்து வந்தவற்றில் ஆகப் பிந்தித் தொடங்கிய இணைப்பை விட்டுவிட்டு மற்றவை ‘பிஜி டெர்மினேட் பேக்கெண்ட்’ மூலம் முடிக்கப்பட்டன. 34உம் போயின. ஒரு கணினியும் பாதிக்கப்படவில்லை.

அன்று பகலே கீப்அலைவ் அமைப்பு மாற்றப்பட்டது: அமைதி 60 விநாடி, இடைவெளி 10, எண்ணிக்கை 3. மறுமுனை செத்தால் 90 விநாடியில் தெரிந்துவிடும். இதற்குப் போஸ்ட்கிரெஸை மீளத் தொடங்க வேண்டியதில்லை, அமைப்பை மீள வாசிக்கச் செய்தால் போதும். பதில் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே பாதை அறுந்தால் கீப்அலைவ் உதவாது. ஒப்புகை வராத தரவு நிலுவையில் இருப்பதால் அங்கே மீளனுப்பும் கடிகாரம்தான் ஓடும். அதற்காக ‘டிசிபி யூசர் டைம்அவுட்’ 90 விநாடி என்று சேர்க்கப்பட்டது. இது 12ஆம் பதிப்பிலிருந்து உண்டு.

அடுத்து, சூப்பர்யூசர் பெயர் பறிக்கப்பட்டது. மூன்று தரப்புக்கும் மூன்று தனிப் பயனர்கள். ஒவ்வொருவருக்கும் இணைப்பு எல்லை: வலைச் செயலி 20, நிறுவை 40, குறுஞ்செய்தி 8. வலைப் பூல் அதே இரவில் சுருக்கப்பட்டதால் 20 போதும். இந்த எல்லை சூப்பர்யூசரைக் கட்டுப்படுத்தாது என்பதால் வரிசை முக்கியம்: பெயரை மாற்றிய பிறகே எல்லைக்குப் பொருள் வரும்.

டிரான்ஸாக்ஷனைத் திறந்துவைத்துச் சும்மா இருப்பதற்கான கால எல்லை பயனருக்குப் பயனர் வேறாக இடப்பட்டது. வலைச் செயலிக்கு 30 விநாடி, குறுஞ்செய்திக்கு 2 நிமிடம், நிறுவைக்கு 10 நிமிடம். எல்லோருக்கும் 30 விநாடி என்று போட்டிருந்தால் நிறுவை மென்பொருளின் ஒவ்வொரு பற்றுச்சீட்டும் நடுவில் அறுந்திருக்கும், ஏனெனில் அதன் டிரான்ஸாக்ஷனே நான்கு நிமிடம். வெறும் சும்மா இணைப்புகளைத் துண்டிக்கும் ‘ஐடில் செஷன் டைம்அவுட்’ 14ஆம் பதிப்பில்தான் வந்தது. இங்கே அது கிடைக்கவும் இல்லை, கிடைத்திருந்தாலும் பூலின் இணைப்புகளை முதுகுக்குப் பின்னால் வெட்டும் ஆபத்தால் வலைச் செயலிக்கு ஏற்றதல்ல.

வலைச் செயலியின் பூல் பிரதிக்கு 30இலிருந்து 6 ஆனது. இதற்குத்தான் அதிக எதிர்ப்பு வந்தது. 60ஐ வைத்தே மெதுவாக இருக்கிறது, 12இல் எப்படி ஓடும் என்ற கேள்வி நியாயமாகவே படும். ஆனால் 10 விநாடிக்கு ஒன்றாக ஒரு முழு நாள் எடுத்த படப்பிடிப்புகளில் ஒரே நேரத்தில் வேலையில் இருந்த வலை இணைப்புகள் 7ஐத் தாண்டவில்லை. கோர்களின் இருமடங்கோடு வட்டு எண்ணிக்கையைக் கூட்டும் பழைய கட்டைவிரல் கணக்கும் இந்தச் சேர்வருக்கு 9 என்றே சொன்னது. கூடவே, பூலில் இடத்துக்காகக் காத்திருக்கும் நேரம் இயல்பான 30 விநாடியிலிருந்து 5 ஆக்கப்பட்டது. எடுத்த இணைப்பை 20 விநாடிக்கு மேல் திருப்பாத நிரல்துண்டைப் பதிவேட்டில் காட்டும் கசிவுக் கண்டறிதலும் இயக்கப்பட்டது.

பிஜிபவுன்சரும் அதன் முதல் தோல்வியும்

நிறுவைக் கணினிகளுக்குப் பூல் உள்ளே இல்லை. ஆகவே தரவுத்தளத்துக்கு முன்னால் பிஜிபவுன்சர் என்ற தனிப் பூல் மென்பொருளை வைத்து, 24 கணினிகளையும் சில இணைப்புகளுக்குள் அடக்குவது என்று தீர்மானிக்கப்பட்டது. வன்னியில் இதை விளக்கக் குளத்தை விட்டு வேறெங்கும் போக வேண்டியதில்லை. வாய்க்கால்கள் பல, துருசு (மதகு) ஒன்று, திறப்பது முறை வைத்து. எந்த வாய்க்காலும் துருசைத் தனக்கே பிடித்துக்கொள்ளாதவரைதான் முறை நடக்கும்.

‘டிரான்ஸாக்ஷன்’ முறைமை தேர்ந்தெடுக்கப்பட்டது. இயல்பான ‘செஷன்’ முறைமையில் கணினி தொடர்பில் இருக்கும்வரை தரவுத்தள இணைப்பு அதற்கே சொந்தம் என்பதால் 24க்கு 24தான் தேவைப்படும், மிச்சம் எதுவும் வராது. நான்கு நிலையங்களின் 8 கணினிகளை முதலில் மாற்றி, பூல் அளவு 5 என்று வைக்கப்பட்டது.

20 நிமிடத்தில் அது நின்றது. பிஜிபவுன்சரின் ‘ஷோ பூல்ஸ்’ அட்டவணையில் 5 இணைப்பும் பயன்பாட்டில், 3 வாடிக்கையாளர் காத்திருப்பில், காத்திருந்தவர்கள் இயல்பான 120 விநாடி எல்லையில் துண்டிப்பு. காரணம் முன்பே கண்ணில் பட்டதுதான், கையில் எடுக்கத் தவறியது. டிரான்ஸாக்ஷன் முடிந்தால்தான் இந்த முறைமையில் இணைப்பு அடுத்தவருக்குப் போகும். நான்கு நிமிடம் திறந்திருக்கும் டிரான்ஸாக்ஷன் நான்கு நிமிடம் ஓர் இணைப்பைத் தின்னும். பூல் அளவு 10 ஆக்கப்பட்டுச் சேவை தொடர்ந்தது. 8 கணினிக்கு 10 இணைப்பு என்பது பூல் வைத்ததற்கே அர்த்தம் இல்லாத நிலை. மென்பொருளைத் திருத்தாமல் மேலே போக முடியாது என்பது அன்றே முடிவானது.

திருத்தம் சிறியது: தகவல் எல்லாம் திரையில் சேர்ந்து, ‘அச்சிடு’ அழுத்திய பிறகே டிரான்ஸாக்ஷன் தொடங்கும், இலக்கம் எடுக்கும், பதியும், முடியும். ஒரு விநாடிக்குள் வேலை தீர்ந்துவிடும். எழுதிக் கொடுத்தவர்கள் அதைத் தர மூன்று வாரம் ஆனது. அதன் பின் 24 கணினிகளும் பூல் அளவு 6க்குள் வந்தன. நிறுவைப் பயனரின் கால எல்லையும் 10 நிமிடத்திலிருந்து 30 விநாடிக்கு இறங்கியது.

இடையில் தவிர்க்கப்பட்ட ஒரு பொறியைக் குறிப்பிட வேண்டும். நிலையத்துக்கு ஒரு தரவுத்தளப் பயனர் வைத்தால் கணக்காய்வுக்கு நல்லது என்று ஒரு யோசனை இருந்தது. பிஜிபவுன்சரின் பூல் அளவு பயனரும் தரவுத்தளமும் சேர்ந்த ஒவ்வொரு சோடிக்கும் தனித்தனி. 12 பயனர், தலைக்கு 6 என்றால் 72. யோசனை மறுக்கப்பட்டு, நிலையத்தின் குறியீடு ‘அப்ளிகேஷன் நேம்’ என்ற அமைப்பில் அனுப்பப்பட்டது. அதை பிஜிபவுன்சர் வாடிக்கையாளருக்கேற்ப மாற்றிக் கொடுக்கும்.

இன்னொன்று: கணினிகள் இப்போது பேசுவது பிஜிபவுன்சரோடு. போஸ்ட்கிரெஸின் கீப்அலைவ் பார்ப்பது பக்கத்தில் இருக்கும் பிஜிபவுன்சரை மட்டும். 60, 10, 3 என்ற அதே மதிப்புகளை பிஜிபவுன்சரின் அமைப்பிலும் எழுதாவிட்டால் செத்த இணைப்புகள் இடம் மாறிக் குவியும். முகவரி நிரலும் இனி ஒன்றும் சொல்லாது, எந்தக் கணினி என்று அறிய ‘ஷோ கிளையன்ட்ஸ்’ பார்க்க வேண்டும்.

வலைச் செயலியை நுழைத்ததும் வெளியே எடுத்ததும்

எல்லாவற்றையும் ஒரே வழியில் விடலாம் என்று வலைச் செயலியும் பிஜிபவுன்சருக்குப் பின்னால் வைக்கப்பட்டது. இரண்டு கோளாறுகள் வந்தன.

முதலாவது, ‘எஸ் 1 என்ற தயார்க் கட்டளை இல்லை’ என்ற பிழை. பக்கங்கள் முதல் சில தடவை ஒழுங்காகத் திறந்து பிறகே உடைந்ததால் சோதனையில் அகப்படவில்லை. ஜாவாவைத் தரவுத்தளத்தோடு பேசவைக்கும் போஸ்ட்கிரெஸ் இயக்கி, ஒரே கேள்வி ஐந்தாவது தடவை வரும்போதுதான் சேர்வரில் பெயரிட்டுத் தயார் செய்யும். அடுத்த டிரான்ஸாக்ஷன் வேறு இணைப்பில் போனால் அந்தப் பெயர் அங்கே இராது. இயக்கியில் அந்த எண்ணை 0 ஆக்கியதும் நின்றது. பிஜிபவுன்சர் 1.21இலிருந்து, அதற்கான அமைப்பை இயக்கினால், இதைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டது. இங்கே இருந்தது 1.18.

இரண்டாவது கொஞ்சம் பயங்கரமானது. கொடுப்பனவுச் சிட்டை இலக்கம் எடுக்க ‘பிஜி அட்வைஸரி லாக்’ பயன்பட்டது. அது செஷனுக்குரிய பூட்டு, அதாவது எடுத்த இணைப்போடு ஒட்டியிருப்பது. பூட்டியது ஓர் இணைப்பில், திறக்கச் சொன்னது வேறோர் இணைப்பில் போய்ச் சேர்ந்தது. ‘உன்னிடம் அப்படியொரு பூட்டு இல்லை’ என்ற எச்சரிக்கை பதிவேட்டில் விழுந்ததோடு சரி. பூட்டு பூலுக்குள் இருந்த முதல் இணைப்பிலேயே தங்கிவிட்டது. வேறு இணைப்பு கிடைத்தவர்கள் முடிவின்றிக் காத்திருந்தார்கள். பூட்டு தங்கிய அதே இணைப்புக் கிடைத்தவர்களோ தடையின்றி உள்ளே போனார்கள், ஏனெனில் அதே செஷன் அதே பூட்டை மறுபடி எடுக்கலாம். இரண்டு அலுவலர்களுக்கு ஒரே இலக்கம் கிடைத்தது. இலக்க நிரலில் தனித்துவக் கட்டுப்பாடு இருந்ததால் இரண்டாவது பதிவு பிழையாகத் திரும்பியது. அது இல்லாதிருந்தால் ஒரே இலக்கத்தில் இரண்டு கொடுப்பனவு வங்கிக்குப் போயிருக்கும்.

பூட்டு, டிரான்ஸாக்ஷனோடு தானாக விடுபடும் ‘பிஜி அட்வைஸரி எக்ஸாக்ட் லாக்’ ஆக மாற்றப்பட்டது. வலைச் செயலி பிஜிபவுன்சரிலிருந்து வெளியே எடுக்கப்பட்டது. அதனுள் ஏற்கெனவே ஹிகாரி இருக்கிறது, பிரதிகள் இரண்டே, இரண்டும் தரவுத்தளத்துக்குப் பக்கத்தில். குளத்துக்குள் குளம் வெட்டுவதில் இங்கே ஆதாயம் இல்லை. பிரதிகள் பத்து, இருபது என்று பெருகினால் கணக்கு வேறு.

தொடர்ந்து நடந்தது

குறுஞ்செய்திச் சேவை மூன்று படியாக உடைக்கப்பட்டது: எடுத்துக் குறியிட்டு முடி, இணைப்பில்லாமல் அனுப்பு, விளைவைப் பதிந்து முடி. அதன் பூல் 3, நெருக்கடியில் கூடுவது 0. நடுவில் செத்தால் ‘எடுக்கப்பட்டது’ என்ற குறியோடு நிற்கும் வரிகளை 15 நிமிடத்துக்கு ஒருமுறை மீட்டெடுக்கும் வேலை ஒன்றும் சேர்ந்தது.

உச்ச வரம்பு மறுபடி 100. அடுத்த சிறுபோக அறுவடையின் உச்ச நாளில் எண்ணியபோது வலைச் செயலி 12, பிஜிபவுன்சர் வழியாக 6, குறுஞ்செய்தி 3, காப்புப்பிரதியும் கண்காணிப்பும் 2. மொத்தம் 23. மின்சாரம் வழக்கம்போலப் போய்வந்தது. துண்டிப்பு நடந்த கணினியின் பழைய இணைப்பு இரண்டு நிமிடத்துக்குள் காணாமல் போனது.

ஒரு புதிய தொல்லை: மாத இறுதி அறிக்கை 40 நிமிடம் ஓடி வலைப் பூலின் ஆறில் ஒன்றைப் பிடித்துக்கொண்டது. 30 இருந்த காலத்தில் இது யார் கண்ணிலும் படவில்லை. அறிக்கைக்கென்று 2 இணைப்புள்ள தனிப் பூல் கொடுக்கப்பட்டது.

மறுபடி நடந்தால் மாற்ற வேண்டியவை

மீள்தொடக்கத்துக்கு முன் படப்பிடிப்பு. முதல் நாளின் மூன்று மீள்தொடக்கமும் சாட்சியத்தைத் துடைத்துவிட்டன. இப்போது நிமிடத்துக்கு ஒருமுறை, பயனர், நிலை வாரியான எண்ணிக்கை கோப்பொன்றில் எழுதப்படுகிறது. மொத்தம் 60ஐத் தாண்டினாலோ, டிரான்ஸாக்ஷனோடு சும்மா இருப்பது 2 நிமிடத்தைத் தாண்டினாலோ பொறுப்பாளரின் கைபேசிக்குச் செய்தி வரும்.

பிஜிபவுன்சரை நிறுவ முன் டிரான்ஸாக்ஷன்களின் நீளத்தை அளந்திருக்க வேண்டும். டிரான்ஸாக்ஷனோடு சும்மா இருந்தவை 12 என்ற எண் மூன்றாம் நாளே கையில் இருந்தது. செஷனோடு ஒட்டியவை எவை என்று நிரலில் தேடியிருந்தால் சிட்டை இலக்கக் கோளாறும் வந்திராது. தேட வேண்டியவை சில சொற்களே: அட்வைஸரி லாக், லிஸன், தற்காலிக அட்டவணை, டிரான்ஸாக்ஷனுக்கு வெளியே இடும் ‘செட்’.

நிலையங்களின் ரௌட்டர்களுக்கும் சிறிய யூபிஎஸ் வாங்க அனுமதி கிடைத்து, 12இல் 9 நிலையங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சைகை பலவீனமான இரண்டு நிலையங்களில், பற்றுச்சீட்டைக் கணினியிலேயே பதிந்து பின்னர் அனுப்பும் முறைக்கான வேலை இன்னும் முடியவில்லை. அங்கே கார்பன் புத்தகம் மேசை இழுப்பறையில் இன்னும் இருக்கிறது.